புழங்காதது, 64

அமெரிக்க ஐக்கிய நாணய முகத்தரப் பேரவை தவறு செய்வதில்லை. இது அதன் விதிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. தவறு நேர்ந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தின் எண் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

பழைய நாணயம் வைத்திருப்பவர்கள் அதைப் பேரவைக்கு அனுப்புவார்கள். அங்கே மூன்று நிபுணர்கள் ஆளுக்கு ஏழு நொடி அதன் முகத்தைப் பார்த்து, எழுபதுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு நாணயம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, மேலே வெள்ளைச் சீட்டு வைத்து, நான்கு பக்கமும் உருக்கி ஒட்டப்படும். அன்றிலிருந்து அந்த நாணயத்தை யாரும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சீட்டைப் பார்த்தால் போதும்.

மதிப்பெண்களுக்குப் பெயர்களும் உண்டு. முகம் வழித்துவிட்டதுபோல் மழுங்கிய நாணயத்துக்கு நாலு மதிப்பெண் கிடைக்கும். அதன் பெயர் 'நன்று'. அறுபதும் அதற்கு மேலும் வாங்கியவற்றுக்குத்தான் 'புழங்காதது' என்ற பட்டம். கை மாறாதது, பை காணாதது, செய்யப்பட்ட நாள்முதல் எந்த மனிதனோடும் சம்பந்தப்படாதது என்று பொருள். ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் பேரவைக்குத் தெரியாது.

கோல்பி ஸ்பிரிங்ஸில் இருந்த வெர்னா பொகோர்னிக்கு இதெல்லாம் தெரியாது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு டாலர். அதுவும் அவளுடையதல்ல, மார்ச் மாதம் இறந்துபோன அவள் கணவன் லீலண்டுடையது. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய கால்சட்டை, பெல்ட், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார்கள். கால்சட்டையின் வலது பையில் அது இருந்தது.

1963-இல் கல்யாணமான மறுவாரம் நெவாடாவில் ஒரு பெட்ரோல் பங்கில் மீதிச் சில்லறையாக வந்த வெள்ளி டாலர். வெர்னா காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பைக்குள் போட்டான், போட்டது போட்டதுதான். கூட்டுறவு தானியக் கிடங்கில் இயந்திரங்களைப் பழுது பார்த்த முப்பத்தாறு வருஷமும், அதன் பிறகும், கை சும்மா இருந்தால் பைக்குள் போகும். கட்டைவிரல் அந்த டாலரில் இருக்கும் பெண்ணின் முகத்தைத் தடவும். கதிர்முடி சூடிய பெண். எழுபதுகளில் அவள் மூக்கு போயிற்று. எண்பதுகளில் கண். கூந்தலும் கதிர்களும் எப்போது போயின என்று யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் முகம் என்று சொல்ல ஒரு மேடு மிஞ்சியது. மேட்டின் நடுவே ஒரு குழிவு, கட்டைவிரல் அளவுக்கு.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கொண்டுவந்த உணவெல்லாம் தீர்ந்து, பாத்திரங்களையும் திருப்பிக் கொடுத்தபிறகு, ஒரு நாள் வெர்னா அந்தக் குழிவில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். வைத்ததும் பயந்து எடுத்துவிட்டாள். வெள்ளி தேயும். அவள் விரல் தேய்க்கத் தேய்க்க, அவன் விரல் தேய்த்தது போய்விடும். அவன் கை பட்ட இடமென்று உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிற்று. அதைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும்.

ஊரில் நாணயக் கடை வைத்திருப்பவரும் நாணயச் சங்கத்தின் தலைவருமான கஸ் ஆம்டாலிடம் போனாள்.

"பேரவைக்கு அனுப்பிடு வெர்னா," என்றார் ஆம்டால். "பெட்டியில போட்டுத் தந்துட்டாங்கன்னா நம்ம பேரப்பசங்களோட பேரப்பசங்க காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். காத்துகூடப் படாது. 'நன்று, நாலு'ன்னு சீட்டு வரும். மனசுல வச்சுக்காதே. அங்க நன்றுன்னா மோசம்னு அர்த்தம்."

"நன்றுன்னே வரட்டும்," என்றாள் வெர்னா. "நல்லாத்தான் தேய்ச்சிருக்கான்."

ஆறு வாரம் கழித்து டாலர் வந்தது. பெட்டி கனமாக, குளிர்ச்சியாக, எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே சத்தமாக இருந்தது. உள்ளே லீலண்டின் டாலர்தான். அந்தக் குழிவை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். மேலே சீட்டு: 1922 வெள்ளி டாலர். புழங்காதது. 64.

*

சங்கக் கூட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். வெர்னா பெட்டியைக் கொண்டுபோனாள். துணைக்கு லீலண்டின் தங்கை லொரைனும் வந்தாள். லொரைனுக்கு நாணயத்தில் ஆர்வம் இல்லை. அங்கே கொடுக்கும் எலுமிச்சைக் கேக்கில் உண்டு.

ஆம்டால் பெட்டியை வாங்கிச் சீட்டைப் படித்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கப் பாருங்க," என்றார். "என்ன ஒரு எடுப்பு."

"எந்த மூக்கு?" என்றாள் லொரைன்.

"உனக்குப் பழக்கமில்ல லொரைன். மேலோட்டமாப் பாத்தா தெரியாது."

"கஸ், என் அண்ணன் இந்தப் பொம்பள மூஞ்சிய எனக்குத் தெரிஞ்சு நாப்பது வருஷமாத் தடவிக்கிட்டிருந்தான். மூக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா அவன் விரல்ல குத்தியிருக்கும்."

பெட்டி பன்னிரண்டு பேரிடம் கைமாறிற்று. ஒவ்வொருவரும் முதலில் சீட்டைப் படித்தார்கள், பிறகு பார்த்தார்கள். இரண்டாமவர் கூந்தல் இழைகளைக் கண்டார். ஐந்தாமவர் முடியின் கதிர்களை எண்ணிச் சொன்னார். எட்டாமவர் அவர் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்றார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர், அந்தப் பெண்ணின் உதடுகளுக்கு நடுவே பல் தெரிவதாகவும், பல் நல்ல நிலையில் இருப்பதாகவும் தெரிவித்தார்.

"உங்களுக்கெல்லாம் நிஜமாவே தெரியுதா?" என்று கேட்டாள் வெர்னா.

ஆம்டால் பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நம்ம கண்ண நம்பித்தான் முப்பது வருஷம் ஏமாந்தோம், வெர்னா. பேரவை வந்தப்புறந்தான் நிம்மதி. இப்பல்லாம் நான் எதையும் பாக்கறதே இல்ல. வியாபாரம் ரெண்டு மடங்காயிருக்கு."

பிறகு, அவள் விற்பதாக இருந்தால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு தொகையும் சொன்னார். லீலண்ட் கிடங்கில் ஐந்து மாதம் சம்பாதித்ததைவிட அது அதிகம்.

திரும்பும் வழியில் லொரைன் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த கேக்கைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஏய் வெர்னா, தெரியுதா, அங்க எல்லாரும் லீலண்டைத் துடைச்சுட்டாங்க," என்றாள். "பேப்பர்ல எழுதி வச்சுத் துடைச்சுட்டாங்க."

*

"உறவுகள் துறை. கெஸல் பேசறேன்."

பேரவையின் தொலைபேசியில் இருபது நிமிஷம் பியானோ கேட்டபிறகு இந்தக் குரல் வந்தது.

"சார், எனக்கு வந்த பெட்டியில சீட்டு மாறிப்போச்சு. அது தேஞ்சுபோன டாலர். புழங்காததுன்னு போட்டிருக்கு."

"மேடம், பேரவையில தப்பு நடக்காது. இயந்திரப் பிழை மட்டுந்தான் நடக்கும்."

"சரி, உங்க இயந்திரம் தப்பாப் போட்டிருக்கு."

"சீட்டை இயந்திரம் போடறதில்ல மேடம். எங்க ஆளுங்க கையால டைப் பண்றாங்க."

"அப்ப யாரோ தப்பா டைப் பண்ணியிருக்காங்க."

"அதைத்தான் நாங்க இயந்திரப் பிழைன்னு சொல்றோம்."

அன்றைக்கு இரண்டாயிரத்து முந்நூறு நாணயங்கள் வந்தனவாம். ஆரெகனில் ஒருவருக்குப் பளபளவென்ற புது டாலர் 'நன்று, நாலு' என்ற சீட்டோடு போயிருக்கிறதாம். "அவர் ரொம்ப ஒத்துழைக்கிறார்," என்றார் கெஸல். "முதல்ல அவரும் உங்கள மாதிரிதான் பேசினார். இப்ப கண் டாக்டர்கிட்டப் போயிட்டிருக்கார்."

"எனக்கு மதிப்பெண் வேண்டாம் சார். என் வீட்டுக்காரர் நாப்பத்தெட்டு வருஷம் அதைத் தொட்டிருக்கார். தொட்டார்னு எழுதினாப் போதும்."

"அவர் கைக்கு அது எப்படி வந்தது?"

"பெட்ரோல் பங்க்ல மீதி குடுத்தாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

"ரசீது இருக்கா?"

"பெட்ரோலுக்கா?"

"டாலருக்கு."

வெர்னா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"பரவாயில்ல. ஒரு தடவ கைமாறினா அது பரிமாற்றம், புழக்கத்துல வராது. அதுக்கப்புறம் உங்க கணவர் அதை எங்கயாவது செலவு பண்ணினாரா?"

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

"பாத்தீங்களா. நாப்பத்தெட்டு வருஷம் அது புழங்கவே இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. பைங்கறது சந்தை இல்ல மேடம். வருத்தந்தான், ஆனா உங்க கணவர் புழக்கத்துல சேர மாட்டார்."

தொலைபேசியை வைத்தபிறகும் அந்த வாக்கியம் சமையலறையை விட்டுப் போகவில்லை. லீலண்ட் போனதிலிருந்து வீட்டில் பாதி அப்படித்தான் இருந்தது: கராஜுக்குப் போகும் நடை, அவன் பூட்ஸ் கழற்றும் பலகை, வானொலி இருந்த அலமாரி. ஆள் புழங்காத பகுதி. அவள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனாலும் தரை அங்கே அழுக்காகிக்கொண்டே இருந்தது.

பெட்டியைச் சமையலறை ஜன்னலோரத்தில், பாத்திரம் கழுவும்போது கண்ணில் படும்படி வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் அது கராஜைப் பார்த்துத் திரும்பியிருக்கும். திருப்பி வைப்பாள். மறுநாள் மறுபடியும் கராஜ் பக்கம். முதல் வாரம் லாரிகள் போகும் அதிர்வு என்று நினைத்தாள். அந்தத் தெருவில் லாரி போவதில்லை என்பது இரண்டாம் வாரம் நினைவுக்கு வந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

*

ஏற்கெனவே ஒரு படிவம் வந்திருந்தது. எண் பதினொன்று, 'தொடுகை உறுதிமொழி'. நாணயத்தைத் தொட்டவர் நேரில் கையெழுத்திட வேண்டும். தொட்டவர் இறந்திருந்தால், அதே கையால் தொடப்பட்ட வேறொருவர் சாட்சியாகக் கையெழுத்திடலாம். சாட்சியின் பெயர், பிறந்த தேதி, தொடப்பட்ட காலம் எவ்வளவு. கடைசிக் கேள்வி: சாட்சியின் தற்போதைய நிலை. இரண்டு கட்டங்கள். 'புழங்கியது', 'புழங்காதது'.

வெர்னா பேனாவை வைத்துக்கொண்டு அந்த இரண்டு கட்டங்களையும் ஒரு காபி ஆறும் நேரம் பார்த்தாள். பிறகு முதல் கட்டத்தில் குறியிட்டு, தொடப்பட்ட காலம் என்ற இடத்தில் நாற்பத்தெட்டு வருஷம் என்று எழுதினாள். விதிப்படி சாட்சியின், அதாவது தன்னுடைய, புகைப்படம் ஒன்றையும் இணைத்தாள்.

மூன்று நிபுணர்களும் அதை ஏழேழு நொடி பார்த்திருக்க வேண்டும். பதில் வந்தது: "சாட்சியின் முகத்தில் தேய்மானம் காணப்படுகிறது. ஆனால் அது குறிப்பிட்ட நபரால் ஏற்பட்டது என நிறுவப்படவில்லை. வானிலையாலும் நேர்ந்திருக்கலாம்."

லொரைன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "என்ன மதிப்பெண் போட்டிருக்கானுங்க உனக்கு?"

"மதிப்பெண் இல்ல. வெறும் குறிப்பு."

"நல்லவேளை. பெட்டியில போட்டு ஒட்டாம விட்டாங்களே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் லொரைன் ஜன்னலோரத்தில் இருந்த பெட்டியை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். "இது என்ன கறை?"

ஜூலை மாதம் அது. குழிவின் நடுவே லேசான மஞ்சள், தேநீர் சிந்தியதுபோல. வெர்னா வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். கறை உள்ளே இருந்தது. ஆகஸ்டில் அதில் கோடுகள் வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக வளையும் கோடுகள், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாக, யாரோ பொறுமையாக உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல. செப்டம்பரில் பழுப்பும் நீலமுமாக அது முழுசாகத் தெரிந்தது. கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெற்றுக் கோடு.

1978-இல் கிடங்கில் ஒரு மின்விசிறியின் பெல்ட் லீலண்டின் வலது கட்டைவிரலைக் கிழித்தது. ஏழு தையல். வெர்னாதான் காரை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆம்டாலிடம் காட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார். "விரல் எண்ணெய் வெள்ளியில பட்டா மாசக்கணக்குல கழிச்சு வெளிய வரும். அது சாதாரணந்தான்," என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஆனா இதுல யார் விரலும் படலியே. 64 போட்டிருக்கே."

"அப்ப இது என்ன கஸ்?"

ஆம்டால் பெட்டியை மேசைமேல் வைத்து, கொஞ்சம் தள்ளி வைத்தார். "என்னைக் கேக்காதே. அக்டோபர்ல டி மொயின் நகரத்துல நாணயக் கண்காட்சி. பிங்க்னி வர்றார். அவரே பாக்கட்டும்."

*

எல்ஸ்வொர்த் பிங்க்னி பேரவையின் முதன்மை முகநோக்கர். வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்திருப்பார். ரொட்டி சாப்பிடும்போதும் அணிந்திருப்பார். அவர் மேடையில் ஏறியபோது மண்டபத்தில் அறுநூறு பேர் எழுந்து நின்றார்கள்.

"நண்பர்களே," என்றார் பிங்க்னி, "ஒரு நாணயத்துக்கு நேரக்கூடிய ஒரே கேடு மனிதன். அவன் அதை எடுக்கிறான், கொடுக்கிறான், ரொட்டி வாங்குகிறான், குழந்தையின் உள்ளங்கையில் வைக்கிறான். ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து அழிகிறது. பேரவை இந்த நாட்டின் மூன்று கோடி நாணயங்களை மனிதனிடமிருந்து மீட்டிருக்கிறது. நான் முப்பத்தொரு வருடமாக எழுபது மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கிறேன். இன்னும் ஒரு நாணயத்துக்கும் அதை நான் கொடுக்கவில்லை. ஏன்? உற்றுப் பார்த்தால் எல்லாவற்றிலும் யாரோ இருக்கிறார்கள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெர்னா வரிசையில் இரண்டு மணிநேரம் நின்றாள். மேசைக்கு வந்ததும் பெட்டியைக் கொடுத்தாள். உதவியாளர் ஒருவர் நேரங்காட்டியை அழுத்தினார். பிங்க்னி சீட்டைப் பார்த்தார், பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஏழு நொடி முடிந்து மணி அடித்தது. அவர் நிமிரவில்லை. உதவியாளர் இருமினார். இருபது நொடி ஆயிற்று. முப்பது.

"ஜெரால்ட்," என்றார் பிங்க்னி, "எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா."

உதவியாளர் போனபிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர்."

"எப்ப?"

"மார்ச்ல."

பிங்க்னி தலையாட்டினார். கிட்டத்தில் பார்த்தால் அவர் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று வெர்னாவுக்குத் தோன்றிற்று. "எங்க கிடங்குல நாப்பதாயிரம் பெட்டி இருக்கு. எல்லாம் புழங்காதது. நானே கையெழுத்துப் போட்டது. ஆறு வருஷமா ஒவ்வொண்ணா வருது. பெருவிரல், ஆள்காட்டி விரல். போன மாசம் ஒண்ணுல சின்ன விரல், குழந்தையோடது. மணி அஞ்சானா அங்க யாரும் இருக்க மாட்டேங்கறாங்க. நான்தான் விளக்க அணைக்கணும்."

"அதுக்கு நீங்க என்ன பண்றீங்க?"

"'இயற்கை நிறம்'னு எழுதிடறோம்," என்றார் பிங்க்னி. "விலை கூடுது."

தண்ணீர் வந்தது. பிங்க்னி குடித்தார். பழைய குரல் திரும்பியது. சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. அடைப்பதற்கு முன் இந்த நாணயத்தை யாரும் தொடவில்லை. சீட்டு அதற்குச் சான்று. அடைத்தபின் யாரும் தொட்டிருக்க முடியாது. பெட்டி அதற்குச் சான்று. ஆகவே இது ரேகை அல்ல. மேடம், உங்களுக்கு இரண்டு வழி. 'புழங்காதது, 64, இயற்கை நிறம்' என்று புதுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். இதை யாரும் தொட்டதாக இனி எங்கும் சொல்வதில்லை என்று ஒரு கையெழுத்து. அல்லது குளியல்."

"குளியலா?"

"ஒரு திராவகம் இருக்கு," என்றார், மறுபடியும் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்போடு. "நாலு நொடி முக்கி எடுப்போம். நிறம் போயிடும். உள்ள ஒண்ணுமே இருக்காது. அதுக்கப்புறம் மறுபடியும் பார்த்து சரியான மதிப்பெண், நாலுன்னா நாலே போடறேன். நீங்க கேட்டதும் அதானே?"

அவள் கேட்டது அதுதான். லீலண்ட் தொட்டான் என்று சீட்டில் எழுதுவார்கள். எழுதுவதற்கு முன் அவன் விரலைக் கழுவிவிடுவார்கள். அல்லது அவன் விரலை விட்டுவைப்பார்கள். அது எவனுடையதும் இல்லை என்று அவள் கையெழுத்திட வேண்டும். முப்பது நாள் அவகாசம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாளின் கீழே பொடி எழுத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது: "இரண்டையும் ஏற்காதவர்கள் சீட்டைப் பெட்டியுடன் பேரவைக்குத் திருப்பி அனுப்பிவிடவும்."

*

வெர்னா அந்த வரியை வீட்டில் பலமுறை படித்தாள். சீட்டு, பெட்டி. நாணயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரு மத்தியானம் அவள் கராஜுக்குப் போனாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. இடுக்கியும் மெல்லிய ரம்பமும் லீலண்ட் மாட்டிய ஆணியிலேயே இருந்தன. திறக்க முடியாத பெட்டி பதினொரு நிமிஷத்தில் ஓரத்தில் ஒரு பிளவு விட்டது. அவள் இடுக்கியால் டாலரின் விளிம்பைப் பிடித்து, முகத்தில் எதுவும் படாமல் உருவி எடுத்து, சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தாள். தூசி படாமல் இருக்க மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்தாள். பெட்டியின் பிளவைப் பசையால் ஒட்டினாள். சீட்டு உள்ளேயே இருந்தது. உறையில் போட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.

அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கோப்பையைத் தூக்கிப் பார்ப்பாள். ரேகை இருக்கும். மூடிவிடுவாள். பெட்டிக்குள் இருந்தபோது அதைப் பேரவை காத்தது. இப்போது அவள் காக்க வேண்டும். அதே வேலைதான். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள், மேசையில் அதிர்வு வரக்கூடாது என்று. லொரைனை முன்னறையிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பினாள்.

"உள்ள யாரைம்மா ஒளிச்சு வச்சிருக்கே?" என்று கேட்டாள் லொரைன்.

"யாருமில்ல."

"யாருமில்லாத வீட்டுல எதுக்கு மெதுவாப் பேசறே?"

நவம்பர் கடைசியில் பேரவையின் உறை வந்தது. புதுப்பெட்டி. பசை ஒட்டிய பழைய பெட்டியை உடைத்து, உள்ளே இருந்ததை விதிப்படி மறுபடியும் மதிப்பிட்டு, மறுபடியும் அடைத்திருந்தார்கள். வட்டமான குழி, குழிக்குள் ஒன்றும் இல்லை. சீட்டு: 1922 வெள்ளி டாலர். புழங்காதது. 70.

கூடவே பிங்க்னியே கையெழுத்திட்ட கடிதம்.

"பேரவையின் வரலாற்றில் முதல்முறையாக எழுபதுக்கு எழுபது. மூன்று நிபுணர்களும் ஏழு நொடி வீதம் பார்த்து ஒருமனதாக முடிவு செய்தார்கள். நான் தனியாக ஒரு மணிநேரம் பார்த்தேன். தேய்மானம் இல்லை, கீறல் இல்லை, நிறம் இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் உள்ளே யாரும் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நன்றி."

செய்தி பேரவையின் பட்டியலில் வெளியான அரைமணி நேரத்தில் ஆம்டால் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் நின்றார். வெர்னா பெட்டியைக் கொடுத்தாள். சீட்டைப் படித்தார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலி வட்டத்தைப் பார்த்தார். பெட்டி வழியாக வெர்னாவின் தரைவிரிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

"கடவுளே," என்றார் மெதுவாக. "ஒரு குறைகூட இல்ல."

"உனக்கு வேணுமா கஸ்?"

"என்கிட்ட அவ்வளவு பணம் கிடையாது வெர்னா."

"சும்மா எடுத்துட்டுப் போ."

அவர் அதை ஒரு பறவைக் குஞ்சைப்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். கார் போகும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

வெர்னா கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் உள்ளே யாரும் இல்லை. யாரும் தொடாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

சமையலறைக்குப் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வீட்டில் சூடு போதாமல் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கோப்பையைத் தூக்கினாள். கோப்பை குளிர்ந்திருந்தது. தட்டு அதைவிடக் குளிர்ந்திருந்தது. ரேகை அப்படியே இருந்தது, குறுக்கே சாய்ந்த வெற்றுக் கோட்டோடு. இப்போது தொட்டால் அது கலைந்துபோகும். அவள் ரேகை அதன்மேல் ஏறும். நாளைக்கு எது யாருடையது என்று எந்தப் பூதக்கண்ணாடியாலும் சொல்ல முடியாது.

"சரி, தள்ளிக்கோ," என்றாள்.

கட்டைவிரலைக் குழிவில் வைத்தாள். டாலர் சூடாக இருந்தது, இந்த நிமிஷம்தான் யாரோ பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல.